பனிக்காரி

"ஏம்மா கிறிஸ்டி, அக்னி நட்சத்திர வெயில்ல பனிக்காரி பொம்மையை முகம் காட்டி நிறுத்தி வச்சிருக்கியே, உனக்கே நல்லாருக்கா?"

எலியேசர் தோளில் தொங்கிய பையைக்கூட இறக்கவில்லை. வள்ளியூரில் ஒரு கல்யாணத்துக்காகப் புனேயிலிருந்து வந்தவர், ரயிலுக்கு நேரமிருந்ததால் பாளையங்கோட்டை வீட்டுக்கு வந்திருந்தார். மூன்று வருடம் கழித்து.

தம்பி மனைவி கிறிஸ்டி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"வாங்க அத்தான். பைய பேசுங்க. மாமா இப்பதான் கண்ணசந்தாங்க."

உள்ளறைக் கட்டிலில் அப்பா, ஏசுவடியான் வாத்தியார். அவர் கண் விழித்தால் நேரே தெரிவது கூடத்துக் கண்ணாடி அலமாரி.

அதில் நாலு பீங்கான் பெண்கள், ஆளுக்கு ஒரு சாண் உயரம். சீமைக்குத் திரும்பிப் போன துரைசாணி ஒருத்தி தாத்தாவுக்குக் கொடுத்தது. பூக்கூடை வைத்திருப்பவள் வசந்தம். கதிர்க்கட்டுக்காரி கோடை. திராட்சைக்காரி இலையுதிர்காலம். முக்காடு போட்டு விறகு சுமப்பவள் பனிக்காலம்.

அப்பா பூகோள வாத்தியார். காலம் மாறுகிற நாளில் கையைக் கழுவிவிட்டு வந்து அலமாரியைத் திறப்பார். அந்தப் பருவத்துக்காரி மட்டும் முகம் காட்டுவாள். மற்ற மூவரும் சுவரைப் பார்த்து நிற்கவேண்டும். எலியேசரும் தம்பியும் மூச்சுவிடாமல் பார்ப்பார்கள்.

"நம்ம ஊர் வெயிலுக்கு நாலு பொம்மை எதுக்குப்பா?"

"கதிர்க்காரி ஒருத்தியே போதும்தாம்லே. ஆனா பனிக்காரி திரும்பலேன்னா கிறிஸ்மஸ் எப்படி வரும்?"

அவள் திரும்பிய மறுநாள் வாசலில் நட்சத்திரம் ஏறும். அடுப்பில் முந்திரிக்கொத்துக்குப் பாகு காயும்.

எலியேசருக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. அது கோபமாகத்தான் வெளியே வந்தது.

"நாள் கிழமை மறந்துபோய், அப்பா பொம்மையைப் பார்த்துத்தான் மாசம் சொல்லுதாங்கன்னு தம்பி போன்ல சொன்னான். அப்படிப்பட்ட மனுசனை இப்படியா ஏமாத்துவ? ஒரு பொம்மையைத் திருப்பவா நேரமில்ல?"

கிறிஸ்டி தரையைப் பார்த்தாள்.

"நேரமெல்லாம் இருக்கு அத்தான்."

"பின்னே மனசில்ல. இதோட அருமை இங்க யாருக்கும் தெரியல. நாலையும் நான் கொண்டுபோறேன்."

அலமாரியைத் திறந்து பனிக்காரியை எடுத்து, கதவு மறைவில் கிடந்த நாற்காலியில் வைத்துத் துண்டில் சுற்ற ஆரம்பித்தார்.

"ஐயோ, அவளை மட்டும் எடுக்காதீங்க!" கிறிஸ்டி துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க அப்பா பொம்மையைத் தொட உங்கிட்ட கேக்கணுமோ?"

கட்டில் கிரீச்சிட்டது.

"கிறிஸ்டி... பனிக்காரியை எங்கம்மா? திருப்பிட்டியா?"

"இல்ல மாமா, தொடைக்கதுக்கு எடுத்தேன். இந்தா வச்சிருதேன்."

"டிசம்பர்ல இப்படிப் புழுங்குதே?"

"இந்த வருசம் மழை ஏமாத்திட்டு மாமா."

"ம்... அவளைத் திருப்பிராத. பெரியவன் கிறிஸ்மஸுக்கு வாரேன்னு சொல்லிருக்காம்லா."

எலியேசரின் கை துண்டுக்குள் அப்படியே நின்றது.

"எந்தக் கிறிஸ்மஸைச் சொல்லுதாங்க?" குரல் அவருக்கே கேட்கவில்லை.

கிறிஸ்டி பொம்மையை அவர் கையிலிருந்து வாங்கி, அதே இடத்தில், கட்டிலைப் பார்த்து நிறுத்தினாள்.

"மூணு வருசத்துக்கு முன்னால நீங்க போன்ல வாரேன்னு சொல்லிட்டு வராம இருந்தீங்கள்லா அத்தான், அதத்தான். அந்தக் கிறிஸ்மஸை நாங்க இன்னும் முடியவிடல."