ஐம்பதாவது கார்டு

கோல்கீப்பர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நாற்பத்தொன்பது கார்டுகளை வரிசையாகப் பரப்பினார் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். ஐம்பதாவதை மட்டும் தொடவே கூசுகிறவர் மாதிரி ஓரத்தில் தள்ளி வைத்தார்.

“நீங்களே பாருங்க சார். நாப்பத்தொன்பதுலயும் உங்க கையெழுத்து அச்சு அசலா ஒரே மாதிரி இருக்கு. இது மட்டும் கோழி கிண்டின மாதிரி இருக்கு. இந்தம்மா என் தலையில கட்டின போலி!”

இந்தம்மா என்று அவர் விரல் நீட்டியது பல் ஆஸ்பத்திரி ரிசப்ஷனிஸ்டை. அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். கோல்கீப்பரின் மனைவி வைத்துவிட்டுப் போன டீ ஆறிக்கொண்டிருந்தது.

அவளுக்குக் கால்பந்தைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. போன மாதம் இந்த கோல்கீப்பர் பல் பிடுங்க வந்தார். கிளம்பும்போது சட்டைப்பையிலிருந்து தன் படம் போட்ட கார்டு ஒன்றை எடுத்து, கையெழுத்துப் போட்டு அவளிடம் கொடுத்தார். வீட்டில் வைத்து என்ன செய்வது என்று அவள் இணையத்தில் விற்பனைக்குப் போட்டாள்.

உலகத்திலேயே மொத்தம் ஐம்பதுதான் அந்தக் கார்டு, அச்சடித்த கம்பெனி நாற்பத்தொன்பதைக் கோல்கீப்பரின் கையெழுத்தோடு விற்றுவிட்டுக் கடைசி ஒன்றை அவருக்கே கொடுத்துவிட்டது, அதைத் தேடி ஒரு மனிதர் வருஷக்கணக்காக இணையத்தைச் சல்லடை போட்டுச் சலிக்கிறார் என்பதெல்லாம் அவளுக்கு எப்படித் தெரியும்? போட்ட கையோடு கண்ணாடிக்காரர் கொத்திக்கொண்டு போனார். அந்தக் காசு இப்போது ஸ்கூட்டராகி வாசலில் நிற்கிறது.

கார்டு கைக்கு வந்ததும் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தவர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். பணம் திரும்பி வர வேண்டும். இல்லையென்றால் கார்டு சேகரிப்பவர்களின் குழுவில் அவள் பேர், போட்டோ, ஆஸ்பத்திரி பேர் எல்லாம் ஏறிவிடும். ‘வாங்க, அவரையே கேட்டுடலாம்’ என்று வீராப்பாகக் கிளம்பியது அவள்தான்.

“சார், என்னை ஞாபகம் இருக்கா? பல்லு எடுக்க வந்தீங்களே...”

கோல்கீப்பர் கன்னத்தைத் தடவிக்கொண்டார். “ம்... இருக்கு, இருக்கு” என்றார், யார் முகத்தையும் பார்க்காமல். ஐம்பதாவது கார்டை எடுத்தார், வைத்தார். மறுபடியும் எடுத்தார். நெற்றியில் வேர்த்துவிட்டது.

அவர் ஏன் நெளிகிறார் என்று அவளுக்குப் புரிந்தது. எதிரே இருப்பவர் அவருடைய பரம ரசிகர். எப்பேர்ப்பட்ட பந்துக்கும் அசராத மனிதர் ஊசியைப் பார்த்ததும் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுததை எப்படிச் சொல்வார்? ‘வெளியில சொல்லிடாதீங்கம்மா’ என்று கெஞ்சித்தான் அன்றைக்கு அந்தக் கார்டையே கொடுத்தார். அவளும் சரியென்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

“எதுக்கு சார் வளவளன்னு பேச்சு? இந்தாங்க பேப்பர், பேனா. ஒரு கையெழுத்து போடுங்க. ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சுடும்” என்றார் கண்ணாடிக்காரர்.

கோல்கீப்பர் பேனாவைத் தொடவில்லை. “எனக்கு என் பேனாதான் சரிப்படும். உள்ள இருக்கு, போட்டு எடுத்துட்டு வரேன்” என்று பேப்பரோடு எழுந்து போனார்.

பெரிய மனிதர்களுக்கு இப்படி ஏதாவது ராசி இருக்கும் என்று கண்ணாடிக்காரர் பயபக்தியோடு தலையாட்டினார். ஆஸ்பத்திரியில் என் ஓட்டைப் பேனா சரிப்பட்டதே என்று நினைத்தாள் அவள்.

பேப்பர் திரும்பி வந்தது. மை இன்னும் காயவில்லை. கண்ணாடிக்காரர் அதை நாற்பத்தொன்பதுக்குப் பக்கத்தில் வைத்துப் பூதக்கண்ணாடியை ஓட்டினார். அதே சுழி, அதே கொக்கி, அடியில் அதே வெட்டுக்கோடு. ஓரத்தில் கிடந்த ஐம்பதாவதோ யாரோ எவரோ என்று கிடந்தது.

“பாத்தீங்களா? இதுக்கு மேல என்னம்மா சாட்சி வேணும் உங்களுக்கு?”

அவர் செல்போனை எடுத்தார். குழுவுக்கு அனுப்ப வேண்டியதை வரும்போதே எழுதி வைத்திருந்தார். பொத்தானை அழுத்துவதுதான் பாக்கி.

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. கொடுத்த வாக்காவது ஒன்றாவது!

“சார், மனசாட்சியோட சொல்லுங்க! ஊசிக்குப் பயந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதீங்களா இல்லையா? அழுது முடிச்சு, என் கண்ணு முன்னாடி இதுல கையெழுத்து போட்டீங்களா இல்லையா? இவர் இதை அனுப்பினா என் வேலை போயிடும் சார்!”

கண்ணாடிக்காரரின் விரல் அந்தரத்தில் நின்றது. “அழுதீங்களா?” என்று கேட்ட அவர் குரலே உடைந்திருந்தது.

“அழுதேன்” என்றார் கோல்கீப்பர் தலை குனிந்துகொண்டு. கையெழுத்தைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.

உள்ளே இருந்து அவர் மனைவி விறுவிறுவென்று வந்தார்.

“நல்லா இருக்குங்க நீங்க பண்றது! அந்தப் பொண்ணு பொழப்பு போயிடும்னு பதறுது, நீங்க வாயில கொழுக்கட்டையை வெச்ச மாதிரி உக்காந்திருக்கீங்க” என்று கணவரை ஒரு பிடி பிடித்தார். பிறகு ஐம்பதாவது கார்டை எடுத்துக் கண்ணாடிக்காரர் கையில் பத்திரமாக வைத்தார்.

“இவர் போட்டது இது ஒண்ணுதாங்க. மத்த நாப்பத்தொன்பதும் நான் போட்டது.”