சவுரி ஸ்டாக் இல்லை

"நல்லா பாரு சம்சாத். போன வாரம் இந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளதானே ஒரு சவுரி தொங்கிச்சு?"

"அது வித்துப் போச்சு அக்கா. புதுசு இனிமேதான் வரணும். கப்பல் வரலை."

அலமுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போர்ட் பிளேரில் எது இல்லை என்றாலும் இந்த ஒரு பதில்தான்.

"நேத்துதான் சென்னைக் கப்பல் வந்துச்சு. சாயங்காலம் பொண்ணு பார்க்க வர்ற மாப்பிள்ளை வீட்டுக்காரங்களே அதுலதான் வந்து இறங்கியிருக்காங்க."

"அது ஆளுங்க வர்ற கப்பல் அக்கா. என் சாமான் கார்கோவுல வரணும்."

லாட்ஜுக்குக் கீழே இருந்த இந்தப் பார்லருக்கு வருவதற்கு முன், பஜாரில் இரண்டு கடை பார்த்தாயிற்று. ஒன்றில் செம்பட்டைச் சவுரி. மற்றதில் ஞாயிற்றுக்கிழமைப் பூட்டு.

பார்லர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மகள் உமா மகேஸ்வரி கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள். மீன்வளத் துறையில் வேலை. வாரத்தில் பாதி நாள் படகில். உப்புத் தண்ணீரில் நனைந்த தலை காய மாட்டேன் என்கிறது என்று, இதே சம்சாத்திடம் வந்து இடுப்பு வரை இருந்த முடியைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டவள். அன்று வீட்டில் அலமு சமைக்கவில்லை.

"சிரிக்காதே. தரகர்கிட்ட கொடுத்த போட்டோவில உன் ஜடை இடுப்பைத் தாண்டுது."

"பழைய போட்டோவைக் கொடுத்தது நீதானேம்மா?"

"பின்னே, இந்தத் தலையைக் கொடுக்கவா? மாப்பிள்ளையோட அம்மா போட்டோவைப் பார்த்தேல்ல, எவ்வளவு பெரிய கொண்டை. அவங்களுக்கு முடிதான் முதல்ல கண்ணுல படும். ஏற்கெனவே ரெண்டு இடம் தட்டிப்போச்சு. இந்தப் பையனுக்கு இங்கேயே கப்பல் ஆபீஸ்ல வேலை கிடைச்சிருக்கு. இது அமைஞ்சா நீ என் கண் முன்னாடியே இருப்பே."

"கல்யாணத்துக்கு அப்புறமும் சவுரியோடதான் தூங்கணுமா?"

"அதெல்லாம் தாலி ஏறின பிறகு பார்த்துக்கலாம்."

சம்சாத் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "அரே, உட்காருங்க அக்கா. இருக்கிற முடியையே அழகா பண்ணித் தர்றேன். பார்லருக்குப் போன மாதிரியே தெரியாது."

"தெரியாம இருக்கவா இங்க வந்தேன்?"

சம்சாத் உமாவின் தலை ஈரத்தைத் துண்டால் ஒற்றினாள். உள்ளங்கையில் இரண்டு சொட்டு சீரம் தேய்த்து நுனியில் மட்டும் தடவினாள். டிரையரைத் தணித்து வைத்து, உருண்டை பிரஷால் நுனியை லேசாக உள்பக்கம் வளைத்துவிட்டாள்.

"அயர்ன் போட்டு நேராக்கிடேன். அங்கங்கே நெளியுது."

"இழுத்து நேராக்கினா, இந்தக் கடல் காத்துக்கு நீங்க வீட்டுக்கு மெரைன் ஹில் ஏறுறதுக்குள்ள துடைப்பமா ஆயிடும் அக்கா. அதோட போக்குல விட்டாத்தான் மெத்துனு இருக்கும்."

வகிட்டை நடுவிலிருந்து ஓரத்துக்கு மாற்றினாள். விரல்களை உள்ளே விட்டு உதறினாள். ஒரு பக்கத்தைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். "டீக் ஹை. முடிஞ்சுது."

அலமு மல்லிகைச் சரத்தைக் கையில் வைத்துக்கொண்டு இடம் தேடினாள். விமானத்தில் வந்த பூ. வைக்கத்தான் ஜடை இல்லை.

"சாமி படத்துக்குப் போட்டுடும்மா" என்றாள் உமா.

"உன் கடையை நம்பி வந்தேன் பாரு" என்று சம்சாத்திடம் சொல்லிவிட்டு அலமு படி இறங்கினாள்.

மாலையில் வீட்டு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மாப்பிள்ளை சிவபிரகாஷ் இறங்கினான். பின்னாலேயே அவன் அம்மா விஜயகுமாரி, பட்டுப் புடவை முந்தானையை நெற்றி வரை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டு.

அலமு ஜன்னல் வழியே பார்த்தாள். போட்டோவில் கொண்டை, நேரில் முக்காடு வேறா? அவ்வளவு ஆசாரமா? போச்சு.

உமா காபித் தட்டோடு வந்தாள். விஜயகுமாரி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். காபி ஆறியது.

"அது வந்து... வேலைக்காக வெட்டிக்கிட்டா. சீக்கிரம் வளர்ந்துடும்ங்க" என்றாள் அலமு.

விஜயகுமாரி மெல்ல முக்காட்டை விலக்கினார்.

கழுத்தளவு முடி. ஓரத்தில் வகிடு. ஒரு பக்கம் காதுக்குப் பின்னால். நுனி லேசாக உள்ளே வளைந்திருந்தது.

"தோள்பட்டை வலிங்க. கையைத் தூக்கிப் பின்ன முடியலைன்னு போன வருஷம் வெட்டிட்டேன். நாங்க கொடுத்ததும் பழைய போட்டோதான். பொண்ணுக்கு அவ்வளவு நீள ஜடை, மாமியார் இப்படி வந்து நின்னா நீங்க என்ன நினைப்பீங்களோன்னு ஒரே பயம். காலையில லாட்ஜுக்குக் கீழே இருக்கிற பார்லர்ல சவுரி கேட்டேன். யார் வீட்டுக்குப் போறீங்க, பொண்ணு பேரு என்னன்னு எல்லாம் விசாரிச்சா. கடைசியில, ஸ்டாக் இல்லைம்மா, கப்பல் வரலைன்னு சொல்லிட்டு, இருக்கிற முடியையே இப்படி வாரி விட்டுட்டா."

உமாதான் முதலில் சிரித்தாள். விஜயகுமாரி அவளை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். "உனக்கு அழகா படிஞ்சிருக்கு. எனக்குப் பின்னாடி தூக்கிக்கிட்டு நிக்குது பாரு." உமாவின் தலையைப் பார்த்துக்கொண்டே அலமுவிடம் கேட்டார்: "நிச்சயதார்த்தத்துக்கு நாள் பார்த்துடலாமா?"

அலமுவுக்கு மூச்சு வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"அந்த சம்சாத் கடையே அப்படித்தாங்க. அவசரத்துக்கு ஒரு பொருள் இருக்காது. கல்யாண அலங்காரத்துக்கு வேற ஆளைத்தான் பார்க்கணும்."

அதே நேரம் பஜாரில், கடையைப் பூட்டுவதற்கு முன் சம்சாத் மேஜை இழுப்பறையைத் திறந்து, உள்ளே இருந்த நீளமான கறுப்புச் சவுரியை எடுத்து உதறி, பழையபடி கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்கவிட்டாள்.