வாலாஜாபாத் வழியாக

ஏழு மணிக்கு வருகிறேன் என்ற ஆட்டோ ராஜாராம் பதினொன்றரைக்கு வந்தார்.

வளர்மதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காஞ்சிபுரத்து நரம்பு டாக்டரிடம் ஒன்பது மணி டோக்கன். ஒரு மாதம் காத்திருந்து வாங்கியது.

"நாலு வாட்டி போன் பண்ணேன். வந்துக்கினே கீறேன்னு சொன்ன. எங்கண்ணா வந்துக்கினு இருந்த?"

"வண்டி மக்கர் பண்ணிச்சும்மா."

மகள் ஸ்வேதாவுக்கு எட்டு வயது. கால் முறுக்குது, நடக்க முடியலை என்று அழுவாள். டாக்டர் எதிரே போனால் ஜம்மென்று நடப்பாள். மூன்று டாக்டர்கள் 'நடிக்கிறாள்' என்று அனுப்பிவிட்டார்கள். இவரும் அதையே சொன்னால் பிரம்புதான் வைத்தியம் என்று அவள் அப்பா முடிவே கட்டிவிட்டார்.

உத்திரமேரூர் தாண்டியதும் ஆட்டோ வேறு பக்கம் திரும்பியது.

"இன்னாண்ணா, இப்படிப் போற?"

"வாலாஜாபாத்துல ஒரு பார்ட்ஸ் வாங்கணும்மா."

பார்ட்ஸ் கடைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். ராஜாராமும் சாப்பிடப் போனார். பிறகு டீ. பிறகு யாரோ சகலையாம், அவரோடு ஒரு மணி நேரம் ஊர்க்கதை.

"பேஜார் புடிச்ச ஆளுண்ணா நீ. உனக்குப் புள்ளகுட்டி இல்லியா?"

அந்த மனுஷன் இன்னொரு டீ சொன்னார்.

கிளினிக் வாசலில் இறங்கும்போது மணி ஐந்து. கெஞ்சிக் கூத்தாடிக் கடைசி ஆளாக உள்ளே போனார்கள்.

ஸ்வேதாவை டாக்டர் நடக்கச் சொன்னார். வலது பாதம் உள்பக்கம் திருகிக்கொண்டது. இரண்டடி வைத்தவள் விழப்போனாள். டாக்டர் பிடித்துக்கொண்டார்.

"காலையில எப்படி நடப்பா?"

"நல்லா ஓடுவா சார். பொழுது சாஞ்சாதான் இப்படி."

"மத்த டாக்டருங்ககிட்ட எப்ப காட்டினீங்க?"

"காலையிலதான் சார்."

"அதான். இது நடிப்பில்லம்மா, அபூர்வமான நரம்புக் கோளாறு. தூங்கி எழுந்தா காலு நல்லா இருக்கும், சாயங்காலமானா திருகிக்கும். டெஸ்ட் எழுதறேன், மாத்திரையும் தரேன். பெரும்பாலும் நல்லா கேட்கும்."

வளர்மதி ஸ்வேதாவை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இந்தப் பிள்ளையை அவளும்தான் எத்தனை முறை அடித்திருக்கிறாள்.

வெளியே ராஜாராம் சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வண்டி சரியாயிடுச்சாண்ணா?"

"வண்டி எப்பவும் நல்லாத்தான் கீதும்மா. தெனம் ஸ்கூல் வுட்டதும் பாப்பாவ நான்தானே தூக்கியாந்து வூட்டுல வுடறேன். சாயங்காலமா போலாம்மானு சொன்னதுக்கு, டோக்கன் பூடும்னு சண்டைக்கு வந்த. அதான், பொழுது சாயட்டும்னு சுத்திக்கினே இருந்தேன்."