வியாழக்கிழமைத் தேநீர்

இளவரசியின் தேநீர் மேசையில் எழுதியவர் பெயரைச் சொல்லாமல்தான் கவிதைகள் வாசிக்கப்படும். எல்லாரும் சிரித்துத் தள்ளும் தாளைக் கொளுத்தி, கெண்டிக்கு அடியில் உள்ள விளக்கை ஏற்றுவார்கள். வாசிப்பது, கொளுத்துவது இரண்டுமே பணித்தோழி அடெல்ஹைடின் வேலை. இன்று அவள் வாசிப்பது அவளே எழுதியது. என் மனைவியின் சவப்பெட்டி அருகே இதன் முதல் வரியை அவள் முணுமுணுத்ததை நான் கேட்டிருக்கிறேன். பணித்தோழி கவிதை எழுதுவது தெரிந்தால் அரண்மனையை விட்டு அனுப்பிவிடுவார்கள். பனியின் வெளிச்சம் வெள்ளிக் கரண்டிகளில் கிடக்கிறது. அவள் பார்வை தாளில் இல்லை, சர்க்கரைக் கிண்ணத்தில் இருக்கிறது. “யாருய்யா இது, ஒப்பாரிக்கு எதுகை தேடினவன்?” என்கிறார் நாடகாசிரியர் க்ரோனாவ். “செத்தவளே எழுந்து ஓடிருவா!” மேசை குலுங்குகிறது. எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. “நீ என்னம்மா சொல்றே? மோசந்தானே?” என்கிறார் இளவரசி. “மோசந்தாங்க. ஆனா இன்னும் ரெண்டு வரி இருக்கு.” அந்தச் சிரிப்புக்கு நடுவிலேயே இரண்டையும் நிதானமாக வாசித்து முடிக்கிறாள். தாளை நீளமாக மடித்து மெழுகுவர்த்தியில் பிடித்து, விளக்கை ஏற்றுகிறாள். தண்ணீர் கொதிக்கும்வரை யாரும் அவளைக் கவனிப்பதில்லை. முதல் கோப்பை எப்போதும் இளவரசிக்குத்தான். இன்று அடெல்ஹைட் அதை என் முன்னால் வைக்கிறாள். பேச்சு அடங்குகிறது. க்ரோனாவ் மனைவியின் துக்கத்துக்காக நான் கையில் கட்டியிருக்கும் கறுப்புத் துணியைப் பார்க்கிறார். பிறகு அவளைப் பார்க்கிறார்.