தானா வந்த சாமி

லோகேஸ்வரி புற்றுக்கு முன்னால் மண்டியிட்டு, நெற்றி தரையில் படும்படி குனிந்தாள். பின்னால் நின்ற பெண்கள் பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அவள் கும்பிடவில்லை. டார்ச் லைட்டை அடித்துப் புற்றின் பொந்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கு," என்றாள் மெதுவாக, தன் உதவியாளனிடம். "கோகிலன், எல்லாரையும் வேலிக்கு அந்தப் பக்கம் அனுப்பு."

மலேசியாவின் புக்கிட் தெங்காவில் தொழிற்சாலைகளின் முதுகுப்புறம், கால்வாய் ஓரமாக இருந்த தகரக் கூரைக் கோயில் அது. போன வாரம் பக்தர் ஒருவர் எடுத்த வீடியோ, போன் விட்டுப் போன் பறந்து, பல்கலைக்கழகத்தில் பாம்புகளை ஆராயும் லோகேஸ்வரியின் கையிலும் வந்து விழுந்தது. படமெடுத்து நின்ற பாம்பின் பின்கழுத்தில் மூக்குக்கண்ணாடி மாதிரி ஓர் அடையாளம். பார்த்த அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த ஊர் நாகம் கறுப்பு. அதன் படத்தில் கண்ணாடி இருக்காது. இதுவோ இந்தியாவின் நல்ல பாம்பு. மலேசியக் காட்டில் இது வாழ்வதாக இதுவரை ஒருவரும் பதிவு செய்ததில்லை.

இங்கேயே வளர்ந்தது என்று நிரூபித்துவிட்டால் முதல் பதிவு அவள் பெயரில் வரும். எவனோ பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தது என்றால் பத்தோடு பதினொன்றாக அதுவும் ஒரு கடத்தல் பாம்பு, அவ்வளவுதான். வருடக்கணக்காகச் சேற்றிலும் காட்டிலும் அலைந்தவள், இந்த ஒன்றாவது தன் பெயரில் வரட்டும் என்று ஏங்கிக் கிடந்தாள்.

கோயில் தலைவர் முனுசாமி மட்டும் வேலிக்கு இந்தப் பக்கமே நின்றார். பாம்பைப் பிடிக்க வனவிலங்குத் துறை அனுமதி கொடுத்துவிட்டது என்றதும் மறுபேச்சுப் பேசாமல் ஒப்புக்கொண்ட மனிதர்.

"அண்ணே, கடைசியா கேக்கறேன். இத யாராச்சும் கொண்டாந்து விட்டாங்களா?"

"இல்லவே இல்லம்மா. தானா வந்த சாமி. குட்டியா இருந்தப்பவே நான் பாத்திருக்கேன்."

சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள அவளுக்கும் மனமில்லை. கேட்க ஆசைப்பட்ட பதில் அல்லவா அது!

பொந்து வாயில் அன்றைய படையல் இருந்தது. ஒரு கிண்ணத்தில் பால், மஞ்சள் தடவிய இரண்டு முட்டைகள். அவற்றை ஒதுக்கி வைத்துவிட்டுக் கொக்கிக் கம்பியை உள்ளே விட்டாள்.

உள்ளேயிருந்து பிரஷர் குக்கர் மாதிரி ஒரு சீறல் வந்தது. அடுத்த கணம் பாம்பு வெளியே பாய்ந்து, அவள் முழங்கால் உயரத்துக்குப் படமெடுத்து நின்றது.

அது கொத்தியது. கெட்டித் தோல் கையுறையில் பல் பட்டு வழுக்கியது. அவள் வாலைப் பிடித்துத் தூக்க, கோகிலன் பையை விரிக்க, உள்ளே விழுந்ததும் வாயை இறுக்கிக் கட்டினார்கள்.

"சாமிய எடுத்தாச்சில்ல?" முனுசாமி அவசரமாக வந்தார். "போலீஸ் கேஸ் ஒண்ணும் வராதே? அப்ப வெளிய நிக்கிற ஒங்க காடில பைய ஏத்திக்கிட்டுக் கெளம்புங்கம்மா. மழை வரப்போவுது."

சாமியைப் பறிகொடுத்தவர் கதறுவார் என்று நினைத்திருந்த கோகிலன் அவரை விநோதமாகப் பார்த்தான்.

"கொஞ்சம் இருங்கண்ணே," என்றாள் லோகேஸ்வரி. "இது உரிச்ச சட்டை வேணும். குட்டிப் பருவத்துச் சட்டை ஒண்ணு கெடச்சாப் போதும், இங்கயே வளந்துச்சுன்னு எழுதிருவேன். அதோ, வளைவுல வெள்ளையாத் தெரியுது பாருங்க."

கம்பியை விட்டுப் பார்த்தாள். வளைவுக்கு மேல் அது போகவில்லை.

"புத்த ஒடச்சிருவோமா மேடம்?" என்றான் கோகிலன்.

"புத்துல மம்பட்டி படக்கூடாது!" முனுசாமி அலறிவிட்டார். "உள்ள ஒண்ணும் கெடையாதும்மா. கெளம்புங்க."

"ஒடைக்க மாட்டோம்ண்ணே, பயப்படாதீங்க. கைய விட்டே எடுத்துடறேன்."

தடித்த கையுறை பொந்தில் நுழைய மறுத்தது. அதைக் கழற்றி எறிந்தாள்.

"மேடம், வேணாம் லா," என்றான் கோகிலன்.

"பாம்புதான் பையில இருக்கே. அப்புறம் என்ன பயம்?"

தரையில் குப்புறப் படுத்துக் கையை நுழைத்தாள். முழங்கை மறைந்தது. இன்னும் தள்ளினாள், தோள் வரை போய்விட்டது. கன்னம் புற்று மண்ணில் அழுந்த, விரல் நுனியில் காய்ந்த வாழைச்சருகு மாதிரி ஏதோ தட்டுப்பட்டது.

"கெடச்சிருச்சு!" அவள் முகமெல்லாம் சிரிப்பு. "மொதல் பதிவு, கோகிலன்! எங்கயோ மாட்டிக்கிட்டு வர மாட்டேங்குது. இன்னும் ஒரு சாண் உள்ள விட்டாப் போதும்."

முனுசாமி வேட்டியின் ஓரத்தைக் கசக்கிப் பிடித்துக்கொண்டு வேலியைப் பார்த்தார், பையைப் பார்த்தார், மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்த அந்தக் கையைப் பார்த்தார். சட்டென்று அவள் பக்கத்தில் முழங்காலிட்டு விழுந்தார்.

"கைய எடும்மா! கைய எடுத்துரு தாயீ!"

"ஏண்ணே? சாமிக் குத்தமா?"

"நாகர ஒத்தையா வைக்கக்கூடாதுன்னு, ஜோடியாத்தாம்மா கொண்டாந்தேன்!"