பக்கத்து வீட்டுச் சாட்சி

"பேரச் சொன்னா அந்தப் பொம்பளைய ஜெயில்ல போட்டுடுவாங்களா டீச்சரம்மா?"

மேரி என்ற நகரசபைக் கட்டடத்தின் மாடிப்படியில் பாதி ஏறிய அஞ்சலாட்சி அங்கேயே நின்றுவிட்டாள். சந்திரகலா அவள் கையைப் பிடித்தாள்.

"போட்டா போடட்டுமே, உனக்கென்ன வந்தது? பண்ணினவ அனுபவிக்கட்டும். உன்னை யாரும் ஒண்ணும் செய்ய மாட்டாங்க. நான் இருக்கேன்."

அஞ்சலாட்சி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஏறினாள்.

அனாதை விடுதிகளிலிருந்து வீடுகளுக்கு வளர்ப்புக்குக் கொடுக்கும் பிள்ளைகளை மாதம் ஒரு முறை அதிகாரி ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்க்க வேண்டும். அதற்கொரு சட்டம் வேண்டுமென்று இரண்டு வருஷமாக அலைகிறாள் சந்திரகலா. அவள் வகுப்பில் படித்த பெண் ஒருத்தி சூட்டுத் தழும்போடு வந்தபோது சந்திரகலா போலீசுக்குப் போனாள். "வளக்கிறவங்க கண்டிக்கிறாங்க, இதுல நாங்க என்னம்மா செய்யிறது?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு எழுத ஆரம்பித்த மனு இது.

பிரெஞ்சுக்காரர்கள் போய் மூன்று வருஷமாகியும் மனு மேசை மேசையாகத்தான் நகர்ந்தது. இன்றைக்குத்தான் பிரதிநிதி சபைக் குழு விசாரணைக்கு எடுத்திருக்கிறது. கண்ணால் கண்ட சாட்சி ஒன்றாவது வராவிட்டால் தள்ளிவிடுவோம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

கருவடிக்குப்பத்தில் கையெழுத்து வாங்கப் போனபோது தானாகத் தேடி வந்தவள் அஞ்சலாட்சி. தனக்கொடி என்ற எட்டு வயதுப் பிள்ளை ஒரு வீட்டில் பட்ட பாட்டைச் சொன்னாள். பக்கத்து வீடா என்று கேட்டதற்கு, "பக்கந்தாங்க" என்றாள்.

மாடி அறையில் உட்கார்ந்திருந்த குழுத் தலைவர் தணிகாசலம் பிரெஞ்சுக் கோர்ட்டில் முப்பது வருஷம் வாதாடிய வக்கீல். இந்தச் சட்டமே கூடாது என்பது அவர் கட்சி.

"போனாப் போகுதுன்னு ஒருத்தன் அனாதப் புள்ளைய எடுத்து வளக்கிறான். அவன் வீட்டுக்குள்ள சர்க்கார் பூந்து பாத்தா நாளைக்கு எவன் வளப்பான்?" என்றவர் அஞ்சலாட்சியின் பக்கம் திரும்பினார். "நீ என்னம்மா பாத்தே?"

"அடிப்பாங்கய்யா. கரண்டியக் காய வச்சித் தொடையில இழுப்பாங்க. தண்ணி சிந்தினா ஒரு இழுப்பு. பாத்திரம் கழுவ நேரமானா ஒரு இழுப்பு."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தாள்.

"விடுதியிலேருந்து வருஷத்துக்கு ஒரு வாட்டி பாக்க வருவாங்க. முன்னாடியே கடுதாசி வந்துடும். அன்னிக்கி மட்டும் எண்ண தடவி, தல சீவி, நீளப் பாவாடை கட்டி உக்கார வப்பாங்க. வந்தவங்க காப்பி குடிச்சிட்டுப் போயிடுவாங்க. சொல்லாம ஒரு நாளு, ஒரே ஒரு நாளு யாராவது வந்து கதவத் தட்டியிருந்தா அன்னியோட நின்னிருக்குங்க."

மற்ற இரண்டு உறுப்பினர்களும் தலை நிமிர்ந்து பார்ப்பதைச் சந்திரகலா கவனித்தாள். அவளுக்கு இலேசாக மூச்சு வந்தது.

"புள்ள இப்ப எங்க?" என்றார் தணிகாசலம்.

"ஓடிப் போச்சுங்க. நோணாங்குப்பத்துல ஆத்தோரமா படகுக்காரங்க பாத்து விடுதியில கொண்டாந்து வுட்டாங்க. விடுதிக்காரங்க வேற வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அந்த வீடு எப்பிடின்னு யாருக்கும் தெரியாது. அதான் வந்தேன்."

"சூடு போட்டா புள்ள கத்தியிருக்குமே. தெருவுல வேற யாரும் கேக்கலியா?"

"கத்த முடியாதுங்க. கதவு சன்னல் எல்லாம் சாத்திட்டு, வாயில துணிய வச்சி அடச்சிடுவாங்க."

தணிகாசலம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார்.

"கதவு சாத்தியிருக்கு. சன்னல் சாத்தியிருக்கு. சத்தமும் வெளிய வரல. அப்ப பக்கத்து வீட்டுக்காரி உனக்கு மட்டும் எப்பிடிம்மா தெரிஞ்சுது?" அவர் பார்வை சந்திரகலாவின் மேல் வந்து நின்றது. "யார் சொல்லிக் குடுத்து அழச்சிட்டு வந்தாங்க?"

சந்திரகலா எழுந்துவிட்டாள். "ஐயா, நான் ஒரு வார்த்தை கூட..."

"உக்காருங்க மதாம். அவளே சொல்லட்டும்."

ஓர் உறுப்பினர் மனுக்கட்டை மூடிச் சிவப்பு நாடாவைச் சுற்ற ஆரம்பித்தார். இரண்டு வருஷ அலைச்சல் அந்த நாடாவோடு முடிந்தது என்று சந்திரகலாவுக்குத் தோன்றியது. பொய்ச் சாட்சிக்காரியை நம்பி மோசம் போனோமே என்று அவளைப் பார்த்தாள்.

அஞ்சலாட்சி தலைவரை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கைகள் இரண்டும் மேசை விளிம்பைப் பிடித்திருந்தன.

"யாரும் சொல்லிக் குடுக்கலிங்க ஐயா. அது எங்க வீடுதாங்க. துணிய வச்சவ நான்தான்."