மூலக்கூறுகளுக்குக் காது கிடையாது

மனித குலம் இன்னும் முழுதாக ஏற்றுக்கொள்ளாத உண்மை ஒன்று உண்டு. மூலக்கூறுகளுக்கு யாருடைய தயவும் வேண்டாம்.

அதைச் சுருக்கி அச்சடித்து, லேமினேட் செய்து, ஆய்வகச் சுவரில் அவன் ஒட்டியிருந்தான்.

‘மூலக்கூறுகளுக்குக் காது கிடையாது.’

இசக்கியம்மாள் அக்காவுக்காக.

அவனுக்கு இரண்டு வருடம் மூத்த ஆய்வு மாணவி. ஒவ்வொரு முறையும் செருப்பை வாசலிலேயே கழற்றிவிடுவாள். நுண்ணோக்கியின் கண்ணாடி மூடியருகே குனிவாள். கையைக் கோத்துக்கோங்க தங்கங்களா என்று கிசுகிசுப்பாள்.

அவளுக்குப் படம் வரும்.

தற்செயல்தான் என்று கணக்குப் போட்டே நிரூபித்திருக்கிறான்.

இன்று மூன்று மணிக்கு ஆய்வுக் குழு கூடுகிறது. தேன்கூடு போல அறுகோணங்கள் தெரிகிற ஒரே ஒரு படம் போதும். இல்லையென்றால் ஆய்வுத் தலைப்பை மாற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

மூன்று வருடத் தலைப்பு.

மணி இரண்டு பத்து.

செலோ டேப்பை ஒட்டி உரித்து, கிராஃபைட்டின் மேல்தோலை எடுத்தான். புதுப்பரப்பில் ஒரு துளி கரைசல் விட்டான். அவ்வளவுதான் வேலை. மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் மூன்று கை. ஹைட்ரஜன் பிணைப்பில் பக்கத்துக் கையைத் தானே பிடித்துக்கொள்ளும்.

பிடித்துக்கொள்ள வேண்டும்.

நுண்ணோக்கியின் ஊசி பரப்பைத் தடவிப் படமாக்கியபடி வரி வரியாக நகர்ந்தது.

திரையில் கோழி கிளறிய மண்.

புதுத் துளி. மறுபடி கோழி.

அதிர்வு கூடாதென்று மின்விசிறியை நிறுத்தினான். காலாட்டுவதை நிறுத்தினான். வியர்வை மட்டும் நிற்கவில்லை.

சாப்பிடப் போகும்போது அக்கா கேட்டுவிட்டுத்தான் போயிருந்தாள்.

“உனக்கும் சேத்து ஒரு வார்த்த சொல்லிட்டுப் போவட்டாடே?”

அவன் சுவரிலிருந்த அறிவிப்பைக் காட்டியிருந்தான்.

இரண்டு முப்பத்தைந்து. கோழி.

எழுந்து தாழ்வாரத்தை எட்டிப் பார்த்தான். யாருமில்லை.

அறிவிப்பைக் கழற்றப் பார்த்தான். வரவில்லை. நான்கு மூலையையும் அவனே அழுத்தி ஒட்டியிருந்தான்.

கடைசித் துளியை விட்டான். ஊசியை இறக்கினான்.

ஷூவைக் கழற்றி வாசலுக்கு வெளியே வைத்தான். சத்தம் வராமல்.

அறிவிப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்தான்.

கண்ணாடி மூடியில் அவன் வாய்க்கு நேராக ஒரு சின்ன வட்டம் பனித்தது. நீர்த்துளிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றன.

தாழ்வாரத்தில் செருப்புச் சத்தம்.

நெருங்கியது. வாசலில் நின்றது.

ஒரு செருப்பு கழன்றது. இன்னொன்றும்.

உள்ளே யாரும் வரவில்லை.

ஊசி அடுத்த வரியைத் தொடங்கியது.